கலர் பட்டறைத் தண்ணீர்

தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறவர்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். கழுத்தில் டை, தோளில் கனத்த பை, நாம் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும் சாமர்த்தியம். கோயமுத்தூரில் உக்கடம் பெரியகுளத்தைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் மாடி வீட்டுக்கு, லிஃப்ட் வேலை செய்யாத நாளில்கூட ஏறி வந்துவிடுகிறார்கள். போன வாரம் அப்படித்தான் ஒரு தம்பி வந்தான். “வாங்கவே வேண்டாங்க மேடம், சும்மா பாத்தாப் போதும்” என்றான். சும்மா பார்க்கிற விஷயத்தில் எனக்கு எப்போதுமே தைரியம் அதிகம். உட்காரச் சொன்னேன்.

குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர் கேட்டான். என்னோடு இருக்கும் அத்தை, அதாவது என் தாய்மாமாவின் மனைவி, மெல்ல எழுந்து போய்த் தன்னுடைய டம்ளரிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். தங்க நிறத்தில் பளபளக்கும் அலுமினிய டம்ளர். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுல வேண்டாங்க பாட்டி. உள்ள நடக்கறது வெளிய தெரியோணும். கண்ணாடி டம்ளர் இருக்குதுங்களா?”

கண்ணாடி டம்ளர் வந்தது. பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். அதன் அடியில் இரண்டு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தண்ணீரில் முக்கி, ஒயரை பிளக்கில் செருகினான். குமிழி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, கடைசியில் சாக்கடை போல ஆகிவிட்டது.

“பாத்தீங்களா மேடம்? இத்தனை அழுக்கையும் சேர்த்துத்தாங்க தெனமும் குடிச்சிட்டிருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அழுக்கில் பெரும்பங்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பி கரைந்து வந்தது. தண்ணீருக்குள் கரண்ட் விட்டால் உலோகத்துக்கு என்ன ஆகும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை படி ஏறி வந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அத்தை சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“ஏங்கண்ணு, இந்த மெசினு மண்ணுக்குள்ள இருக்கற தண்ணியச் சுத்தம் பண்ணுமா?”

“குழாய்ல வர்ற தண்ணிக்குத்தாங்க பாட்டி.”

“அதில்ல கண்ணு. மண்ணுக்குள்ளயே கெடக்குதல்லொ, அதுக்கு.”

“அதுக்கெல்லாம் மெசினே இல்லீங்க” என்று அவன் சிரித்தான். அத்தை சரியென்று தலையாட்டிக்கொண்டார். இதே கேள்வியை டாக்டரிடமும், குழாய் ரிப்பேர்காரரிடமும், ஒரு தடவை கோயில் குருக்களிடமும்கூட அவர் கேட்டிருக்கிறார். பதில் எல்லோரிடமும் ஒன்றுதான்.

அந்தக் குமிழியைப் பார்த்ததும் என் மூக்குக்குள் ஆசிட் வாசனை ஏறியது. ஆசிட்டுக்கு என்ன வாசனை என்று கேட்பீர்கள். வாசனை என்று சொல்ல முடியாது. தொண்டையில் ஓர் உறுத்தல், நாக்கில் காசைச் சப்பியதுபோல ஒரு ருசி, கண்ணோரத்தில் லேசான எரிச்சல் எல்லாம் சேர்ந்தது அது. மாமாவின் பட்டறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும்.

எங்கள் ஊர்ப்பக்கம் யாரிடமாவது கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால், அவர் ஒரு பட்டறை வைத்திருக்கிறார் என்பதோ, வைத்திருந்து மூடிவிட்டார் என்பதோ தெரியவந்துவிடும். மாமாவும் வைத்திருந்தார். சிங்காநல்லூரைத் தாண்டிக் கிழக்கே போய், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தென்னந்தோப்பும் சோளக்காடுமாக இருந்த இடம். தோப்பின் ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. போர்டில் ஆனோடைசிங் என்று எழுதியிருக்கும். ஊர்க்காரர்கள் யாரும் அதைச் சொல்லிக் கஷ்டப்படவில்லை. கலர் பட்டறை என்றுதான் சொன்னார்கள்.

நான் பி.காம். முடித்துவிட்டு, கல்யாணம் ஆகும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று அங்கே அனுப்பப்பட்டவள். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில் பல வருஷம் அங்கே ஓடிவிட்டது. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் பாதி வேலைக்காரி, பாதி மகள் என்று எனக்கு ஒரு தினுசான உத்தியோகம். பில் போடுவேன், போன் எடுப்பேன், ஆள் வராத நாளில் தொட்டியில் முக்குவதற்குத் தகடுகளைக் கம்பியில் கோர்ப்பேன், மாமா சாப்பிட வராவிட்டால் போய்ச் சத்தம் போடுவேன்.

முதல் நாள் மாமா என்னை ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். காஸ்டிக் தொட்டி, ஆசிட் தொட்டி, சாயத் தொட்டி, கொதிதண்ணீர்த் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவே அலசுவதற்கு வெறும் தண்ணீர்த் தொட்டிகள்.

“அலுமினியத்த அப்பிடியே உட்டா வெளுத்துப் போயி, புள்ளி உளுந்து, கையில கருப்பா ஒட்டும் அம்மணி. பெயின்ட் அடிச்சா உரிஞ்சு போயிரும். நாம அதும்மேல எதையும் பூசறதில்ல. ஆசிட்டுக்குள்ள போட்டுக் கரண்ட் உட்டா, அதோட தோலையே அது கெட்டியாக்கிக்கும். அந்தத் தோல்ல பூராவும் துளை. கண்ணுக்குத் தெரியாது. சாயம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்பறம் கொதிதண்ணில போட்டா வாய மூடிக்கும். அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான் என்று அவர் சொன்னதை நான் பில் புத்தகத்தின் பின்னட்டையில் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்குவேன். எனக்குப் பிடித்தது சாயத் தொட்டி. சாம்பல் நிறத்தில் உள்ளே போகிற தகடு மேலே வரும்போது தங்கமாக வரும். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. கறுப்பு, சிவப்பு, நீலம் எல்லாம் உண்டு என்றாலும் கேட்டு வருகிறவர்கள் தங்க நிறத்தைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு முக்கியமான வேலை பம்பு மோட்டாரில் ஒட்டுகிற பெயர்த்தகடு. தோட்டம் தோட்டமாகக் கிணற்று மேட்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிற மோட்டாருக்கு எங்கள் தகடுதான் முகம். அது தவிர சாமி படத்துக்குச் சட்டம், சீர்வரிசைத் தட்டு, டம்ளர். அத்தை இன்றைக்கும் குடிக்கிற டம்ளர் அந்த நாளில் தங்க நிறம் ஏற்றியது. இம்மியளவுகூட நிறம் மங்கவில்லை.

தகடு கோர்க்கிற இடத்தில் சாந்தாமணி அக்கா என்று ஒருவர் இருந்தார். அவருடைய வாய்க்குப் பயந்து மாமாவே அந்தப் பக்கம் குறைவாகத்தான் போவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் புது நூல்சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆசிட் தொட்டிப் பக்கமெல்லாம் போய் நின்று பெருமையாகத் திரும்பி வந்தேன். சேலையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

“பாத்தீங்களாக்கா? பாத்து நடந்தா ஒண்ணும் ஆகாது.”

“ஊட்டுக்குப் போய்த் தொவச்சுப் போட்டுப் பாருங்க அம்மணி. அப்பறம் பேசலாம்.”

துவைத்துக் காயப்போட்டபோது முழங்காலுக்குக் கீழே சேலை சல்லடையாக இருந்தது. ஆசிட் துளி நூலை அரித்துவிட்டிருக்கும், ஆனால் துவைக்கிற வரைக்கும் நூல் அப்படியே நிற்கும். மறுநாள் சாந்தாமணி அக்கா என் கால்பக்கம் பார்த்தார், சிரித்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் பழைய சேலைகளுக்குப் பட்டறையில் நல்ல மரியாதை கிடைத்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்தேன். பட்டறை நின்ற அந்தத் தோட்டம் மாமாவுடையது அல்ல, அத்தைக்கு அவர் அப்பா கொடுத்தது. மாமா வீட்டோட மாப்பிள்ளையாக அங்கே வந்தவர். தோட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு பழைய கிணறு, அகலமான கல்கிணறு. நான் போன காலத்தில் அது வற்றி அடிப்பாறை தெரிந்தது. கிழக்குக் கோடியில், சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு போர் போட்டிருந்தார்கள். வீட்டுக்கும் பட்டறைக்கும் அதிலிருந்துதான் தண்ணீர்.

அத்தைக்கு அந்தத் தண்ணீர் மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீர் என்றால் உருகிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். “என்ற தண்ணில பருப்புப் போட்டுப் பாருங்க, திரும்பிப் பாக்கறதுக்குள்ள மலந்துரும்” என்பார். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர்களை அத்தை மனசில் வைத்துக்கொள்வார். பட்டறைக்கும் அந்தத் தண்ணீர்தான் யோகம். அலசுவதற்கும், கடைசியில் கொதிக்க வைத்துத் துளைகளின் வாயை மூடுவதற்கும் உப்பில்லாத தண்ணீர் வேண்டும். மாமா அதைச் சொல்லும்போதெல்லாம், “அப்ப என்ற அப்பன் குடுத்த தண்ணிதான் உங்களுக்குச் சோறு போடுது” என்று அத்தை சொல்வார். மாமா சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்.

இத்தனை தொட்டிகளில் அலசிய தண்ணீர் எங்கே போவது? முதலில் பட்டறைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது வழிந்து பக்கத்துத் தோட்டத்து வரப்பை நனைத்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் கந்தசாமி, அத்தைக்குப் பங்காளி முறை, அண்ணன். அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் மாமா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. பெண் கொடுத்த ஊரில் வந்து குடியிருக்கிறவன், அடுத்தவர் காட்டுக்குள் தன் அழுக்குத் தண்ணீர் போனது என்று ஒரு சொல் வந்துவிட்டால் அப்புறம் தெருவில் நடக்க முடியாது என்று நினைக்கிறவர் அவர். அவருடைய மரியாதை அப்படிப்பட்டது.

மறுவாரமே ஆள் வைத்துக் குழி வெட்டி, குழாய் பதித்து, அலசிய தண்ணீர் முழுவதையும் தோட்டத்து நடுவே கொண்டுபோய், மேற்குக் கோடியில் வற்றிக் கிடந்த கல்கிணற்றுக்குள் விழும்படி செய்துவிட்டார்.

“இனி ஒருத்தர் வரப்பையும் தொடாது. நம்ம தண்ணி நம்ம கெணத்துக்குள்ள. யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு அம்மணி” என்றார். அவ்வளவு நிம்மதியாக நான் அவரைப் பார்த்ததில்லை.

அதையும் அப்படியே விட்டுவிடவில்லை. ஆசிட் தண்ணீரும் காஸ்டிக் தண்ணீரும் ஒரு தொட்டியில் சேர்ந்து, சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, நிறம் மாறுகிற தாளை முக்கிப் பார்த்து, புளிப்பும் இல்லை காரமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் திறந்துவிடுவார். “ஒண்ணை ஒண்ணு கொன்னுரும். ரெண்டும் செத்த பொறவு வெறுந்தண்ணிதான்.” வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தாளைக் காட்டுவார். வாடிக்கைக்காரர்கள் தலையாட்டிவிட்டு, எங்க தகடு எப்பங்க கிடைக்கும் என்பார்கள்.

சில வருஷங்கள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தண்ணீர் பளிச்சென்று இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கடைசி நாள் வரைக்கும் அந்தத் தண்ணீர் பளிச்சென்றுதான் இருந்தது. நிறமில்லை, நாற்றமில்லை.

முதலில் வேகாமல் போனது பருப்பு. அத்தை கடைக்காரர் மேல் பழி போட்டார். கடையை மாற்றினார். அடுப்பு சரியில்லை என்றார். குக்கரில் வைத்தார். குக்கரிலும் பருப்பு முழிக்க முழிக்கக் கிடந்தது. பிறகு காபி திரிந்த மாதிரி ஆயிற்று. சோப்பு நுரைக்கவில்லை. அத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். தண்ணீரை மட்டும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அதே சமயத்தில் பட்டறையில், கொதிதண்ணீர்த் தொட்டியிலிருந்து வெளியே வந்த தங்கத் தகடுகளின் மேல் மாவு தூவியதுபோல வெள்ளை படிந்திருந்தது. துடைத்தால் போகும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் இன்னும் நன்றாகப் போகும். பெட்டியில் போட்டு அனுப்பிய பிறகு திரும்ப வந்துவிடும். பம்பு கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். “பவுடர் போட்ட பொண்ணாட்ட இருக்குது” என்று சாந்தாமணி அக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார்.

கந்தசாமி வந்தது அப்போதுதான். சாயந்திரம் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

“ஏனுங் மாப்ளே, சும்மாதான். இந்தப்பக்கமா வந்தனுங்க, எட்டிப் பாத்துட்டுப் போலாமின்னு.”

உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மாமா வராததைச் செல்லமாகக் குறைப்பட்டுக்கொண்டார். அத்தை கொடுத்தனுப்பிய காபியை, அது எப்படி இருந்ததோ, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எழுந்து வாசல் வரைக்கும் போய், செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி சொன்னார்:

“வேற ஒண்ணுமில்லீங்க. மாடு தண்ணி குடிக்க மாட்டீங்குது. மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. உங்குளுக்கு ஏதாச்சும் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டேன். நீங்க வெசனப்படாதீங்க.”

அவர் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்த “வெசனப்படாதீங்க” என்ற சொல் மாமாவை என்ன செய்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரொம்ப நேரம் அவர் வாசலிலேயே நின்றார்.

கொதிதண்ணீர்த் தொட்டிக்கு மருந்து விற்கும் கம்பெனியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். ஈரோட்டிலிருந்து வந்தார், படித்தவர், நிதானமானவர். போர்த் தண்ணீரைப் பிடித்து ஏதோ சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார். கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். மாமா அவரைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், குழாயைக் காட்டி, தாளையும் காட்டினார். நானும் அத்தையும் பின்னால் போனோம்.

“ரெண்டையும் கலந்து, ரெண்டும் செத்த பொறவுதாங்க உடறது. தாளப் பாருங்க.”

“ரெண்டும் சாகலீங்க சார். உப்பா மாறியிருக்குது. இந்தத் தாளு புளிப்பத்தான் காட்டும், உப்பக் காட்டாது.”

“கெணறு இந்தக் கோடியில கெடக்குது. போரு அந்தக் கோடி. நடுவுல தோட்டமே இருக்குதுங்களே?”

“மேலதானுங்க வரப்பு, எல்லையெல்லாம். கீழ அதெல்லாம் கெடையாதுங்க.”

மாமா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அத்தைதான் கேட்டார்:

“திரும்ப நல்லாயிருமுங்களா தம்பி?”

“காலம் புடிக்குமுங்கம்மா.”

“எத்தன காலம்?”

அவர் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் தேடினார். சாவி கையிலேயேதான் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த கேள்வியைத்தான் அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று மத்தியானமே மாமா கிணற்றுக் குழாயை அடைத்துவிட்டார். கழிவு தொட்டிகளில் நிறைந்து, பிறகு பீப்பாய்களில் நிறைந்தது. வாங்கிக்கொண்டு போக ஒரு டேங்கர் லாரிக்காரர் வந்தார். ஓஸ் பைப்பைக்கூட இறக்கிவிட்டார். மாமா சாதாரணமாகக் கேட்டார், எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்று.

“அத நீங்க ஏனுங்க கேக்கறீங்க? உங்க எல்லையத் தாண்டுனா எங்க பொறுப்பு.”

“இல்ல, எங்கீன்னு சொல்லுங்க.”

“எங்கியாச்சும் ஆளில்லாத எடமாப் பாத்துத்தாங்க உடுவோம்.”

“எங்கியாச்சும்னா அங்க ஒரு காடு இருக்குமுங்களே. கீழ தண்ணி இருக்குமுங்களே.”

லாரிக்காரருக்கு அது புரியவில்லை. பைத்தியக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு ஓஸைச் சுருட்டிக்கொண்டு போனார். வண்டி போன புழுதி அடங்குகிற வரைக்கும் மாமா பீப்பாய்களுக்கு நடுவே நின்றார். பிறகு என்னிடம், உண்மையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும் என்கிற மாதிரி கேட்டார்:

“அப்ப இத எங்கதான் அம்மணி ஊத்தறது?”

நான் பி.காம். எனக்கு என்ன தெரியும். ஊற்ற இடமில்லாததால் பட்டறை நின்றது. கரண்ட் பெட்டியின் ரீங்காரம் நின்ற பிறகுதான் தோப்பில் இத்தனை குருவிகள் இருந்தது காதில் விழுந்தது. சாந்தாமணி அக்கா திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார். போகும்போது மட்டும் அவர் வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம்பிக்கை வந்தது. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. சிங்காநல்லூர்க் குளம் நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார்கள். எங்கள் கல்கிணறு ஊறி, ஏறி, கை நீட்டினால் தொடுகிற அளவுக்கு வந்து நின்றது. தண்ணீரைப் பார்த்து மாமா சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். “அலசிப்போட்டிருக்கும். இத்தன தண்ணி வந்துருக்குதல்லொ, எல்லாத்தையும் அலசித் தள்ளிப்போட்டிருக்கும்.” கந்தசாமியும் வந்து எட்டிப் பார்த்து, “நல்லாயிருமுங்க மாப்ளே, எல்லாம் நல்லாயிரும்” என்றார்.

அத்தை அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு வந்து போசியில் ஊற்றிப் பருப்பைப் போட்டார். நாங்கள் எல்லோரும், கந்தசாமி உள்பட, சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்காருவார்களே, அப்படி. தண்ணீர் கொதித்தது. வற்றியது. அத்தை இன்னும் ஊற்றினார். விறகு எரிந்து கொண்டே இருந்தது. கடைசியில் அத்தை கரண்டியில் எடுத்து ஒரு பருப்பை விரலால் நசுக்கினார். அது நசுங்காமல் விரலிடுக்கிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்து உருண்டது.

மழை அலசிக்கொண்டு போகவில்லை. மண்ணில் ஊறிக் கிடந்ததையும் சேர்த்து இறக்கிக் கொடுத்திருந்தது. கந்தசாமி எழுந்து, “அடுத்த மழைக்குப் பாக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அந்த வாரம் மாடுகளை விற்றுவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். அதைக்கூட எங்களிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மாமா ஊருக்குள் போவதை நிறுத்தினார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், வாங்க மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் தலையாட்டுவார், போகமாட்டார். ஒருத்தராவது அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவர் இறந்த அன்று நீர்மாலை எடுக்க வேண்டும் என்றார்கள். பங்காளிகள் கிணற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து உடம்பைக் குளிப்பாட்டுவது எங்கள் வழக்கம். குடங்களை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எந்தக் கிணற்றுக்குப் போவது? சுற்றுவட்டத்தில் எந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கந்தசாமி மெதுவாக, “நம்ம கெணத்துலயே எடுத்தறலாமுங்க. என்ன இருந்தாலும் அவரு கெணறு” என்றார்.

உள்ளே இருந்த அத்தை எழுந்து வந்தார்.

“வேண்டாங்ணா. அந்தத் தண்ணிய அவரு மேல ஊத்தாதீங்க.”

கடைசியில் டேங்கர் லாரித் தண்ணீரில்தான் மாமாவைக் குளிப்பாட்டினார்கள். ஓஸ் பைப்பிலிருந்து குடத்தில் பிடித்தார்கள்.

இப்போது அங்கே போனால் உங்களால் எதையும் அடையாளம் காண முடியாது. என்னாலேயே முடியவில்லை. தென்னைகள் தலை காய்ந்து மொட்டையாக நின்று, ஒவ்வொன்றாக விழுந்தன. தோட்டம் மனையாகிவிட்டது. கல்கிணற்றில் கட்டட இடிமண்ணைக் கொட்டி மூடி, மேலே ரோடு போட்டிருக்கிறார்கள். வீடு கட்டிக் குடிவந்தவர்கள் போர் போட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது என்று கேன் வாங்குகிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. கந்தசாமி இல்லை. பெயர்த்தகடும் இப்போது கிடையாது, மோட்டாரில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். ஏதாவது பழைய கிணற்று மேட்டில் துருப்பிடித்த மோட்டாரில் எங்கள் தகடு மட்டும் இன்னும் தங்கமாக மின்னிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் பட்டுக் கெடாமல் அதைக் காப்பாற்ற நாங்கள் அத்தனை பாடுபட்டோம்.

அந்தத் தம்பி விலாசச் சீட்டைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மெஷின் வாங்கவில்லை என்று அவனுக்கு வருத்தமில்லை, பழகியிருப்பான். அத்தை கொடுத்த தண்ணீரைத் தங்க டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, “சூப்பரா இருக்குதுங்க பாட்டி, எந்தக் காலத்து டம்ளருங்க?” என்றான். அத்தை சிரித்தார்.

அவன் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அத்தை அந்தப் பழுப்புத் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைத் தொட்டி வரைக்கும் போய், சாய்க்காமல் நின்றார். பால்கனிக்கு வந்தார். கீழே இருக்கிற ஒற்றை வேப்பமரத்தைப் பார்த்தார், அதற்கு அப்பால் குளத்தைப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

“இத எங்க அம்மணி ஊத்தறது?”

ஒரு டம்ளர் தண்ணீர்தான். சிங்கில் ஊற்றுங்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? சொல்ல முடியவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார்.

ஒரு வாரமாகிறது. பழுப்பெல்லாம் அடியில் படிந்துவிட்டது. மேலே தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது.